அட்டைப்பெட்டிப் பொம்மை: எங்கே கோளாறு, எப்படிச் சரிசெய்வது

மும்பையில் குழந்தை இருக்கும் வீட்டில் அட்டைப்பெட்டிக்குப் பஞ்சமே இல்லை. மிக்சி வந்த பெட்டி, கூரியரில் வந்த பெட்டி, மாட்டுங்காவில் மாத மளிகை வாங்கினால் கடைக்காரர் சாமான்களைப் போட்டுக் கொடுக்கும் பெட்டி என்று வந்துகொண்டே இருக்கும். அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகரில் உள்ள தேசியப் பொம்மைப் புகழ்க்கூடம் 2005-ஆம் ஆண்டு வெறும் அட்டைப்பெட்டியையே ஒரு விளையாட்டுப் பொருளாகத் தன் பட்டியலில் சேர்த்துக்கொண்டது. வெறும் பெட்டியாக இருக்கும்வரை அதில் எந்தத் தொல்லையும் இல்லை. அதை வீடாகவும் வண்டியாகவும் மாற்றத் தொடங்கும்போதுதான் ஒன்று சாய்கிறது, ஒன்று பிரிகிறது, ஒன்று உருள மறுக்கிறது.

அப்போது பெரும்பாலோர் செய்வது இன்னொரு சுற்று டேப் ஒட்டுவது, இன்னும் கொஞ்சம் பசை ஊற்றுவது. பெரும்பாலான நேரங்களில் கோளாறு பசையில் இருப்பதில்லை, அட்டையில் இருக்கிறது. அதன் திசையில், அதன் ஈரத்தில், அல்லது அதன் மேற்பரப்பில். ஆகவே எது கெட்டாலும் முதலில் அட்டையின் வெட்டுமுகத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். இரண்டு தட்டைத் தாள்களுக்கு நடுவே அலை அலையாக ஒரு தாள் ஓடுவது தெரியும். அந்த அலைக்கு நெளி என்று பெயர் வைத்துக்கொள்வோம். ஒரு நெளி இருந்தால் அது மூன்று ப்ளை, அதாவது மூன்று தாள் அடுக்கு கொண்ட அட்டை. டி.வி., குளிர்சாதனப் பெட்டி வரும் கனத்த பெட்டிகளில் இரண்டு நெளி இருக்கும், அது ஐந்து ப்ளை. பற்பசைப் பெட்டி, சோப்புப் பெட்டி போன்றவற்றில் நெளியே கிடையாது. அவை முகம், கொடி, கூரை ஓடு வெட்ட நல்லவை. பாரம் தாங்க அவற்றை நம்ப வேண்டாம்.

சுவர் குழிகிறது, வீடு சாய்கிறது

நியூயார்க்கைச் சேர்ந்த ஆல்பர்ட் ஜோன்ஸ் 1871-இல் நெளித்தாளுக்குக் காப்புரிமை பெற்றபோது அது கண்ணாடிக் குப்பிகளைச் சுற்றி வைக்கும் மெத்தைதான். பாரம் தாங்கவில்லை. 1874-இல் ஆலிவர் லாங் அதன்மேல் தட்டைத் தாளை ஒட்டியபோதுதான் நெளி அசையாமல் நிற்கத் தொடங்கியது. இன்று நம் கைக்கு வரும் அட்டையும் அதே அமைப்புதான். நெளி நின்றவாக்கில் இருந்தால் ஒவ்வொரு மடிப்பும் ஒரு சிறு தூண். படுத்தவாக்கில் இருந்தால் அந்தத் தூண்கள் எல்லாம் தரையில் கிடக்கின்றன. மேலே பாரம் வைத்ததும் சுவர் நடுவில் உடைந்து மடிகிறது.

எங்கள் கட்டடத்தில் ஒரு சிறுவன் பெட்டிகளைக் கோத்து லோக்கல் ரயில் செய்திருந்தான். மூன்று பெட்டிகளும் ஒரே அளவு, ஒரே அட்டை. நடுப்பெட்டி மட்டும் அவன் தம்பி கை ஊன்றும்போதெல்லாம் குழிந்தது. பாட்டி அதைச் சுற்றிச் சுற்றி டேப் ஒட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தார். ஜன்னல் வெட்டியிருந்த ஓரத்தில் பார்த்தபோது விஷயம் தெரிந்தது: மற்ற இரண்டில் நெளி மேலிருந்து கீழாக, நடுப்பெட்டியில் மட்டும் இடமிருந்து வலமாக. பக்கவாட்டுச் சுவரை மட்டும் எடுத்து, தொண்ணூறு டிகிரி திருப்பி வேறு துண்டில் வெட்டி வைத்தோம். டேப்பே தேவைப்படவில்லை.

வெட்டுமுகம் தெரியாத பெட்டியில் திசை காண, கட்டைவிரலால் மேற்பரப்பை இரு திசையிலும் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். ஒரு திசையில் விரல் வழுக்கிக்கொண்டு போகும், மறுதிசையில் வரிவரியாகத் தட்டும். வழுக்கும் திசைதான் நெளியின் திசை.

சுவருக்கும் கால்களுக்கும் நெளி நின்றவாக்கில் இருக்க வேண்டும். மேல்தளத்துக்கும் பாலத்துக்கும் ஒரு தாங்கலிலிருந்து மறுதாங்கல் வரை நீளவாக்கில் ஓட வேண்டும். குழாயாகச் சுருட்ட வேண்டியது, உதாரணமாக ராக்கெட் உடல், என்றால் நெளி குழாயின் நீளத்துக்கு இணையாகப் போக வேண்டும். குறுக்காகச் சுருட்டினால் அட்டை வளையாது, முறிந்து முறிந்து பல்கோணமாகும்.

எல்லாத் திசையிலும் பலம் வேண்டுமென்றால் இரண்டு துண்டுகளை நெளி குறுக்கும் நெடுக்குமாக வைத்து ஒட்டுங்கள். குழந்தை ஏறி உட்காரும் பொம்மை எதற்கும் இதைவிடக் குறைவாகச் செய்யக் கூடாது.

மடித்த இடம் கோணுகிறது, கிழிகிறது

நெளிக்கு இணையாக மடித்தால் அட்டை உங்கள் கோட்டை விட்டு, பக்கத்தில் உள்ள பள்ளத்தைத் தேடிப்போய் அங்கே மடியும். நெளிக்குக் குறுக்காக மடித்தால் வெளித்தாள் இழுபட்டுக் கிழியும். இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான்: மடிப்பதற்கு முன் கோட்டை அழுத்தி வையுங்கள். அடிக்கோலை வைத்து, மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவாலோ கரண்டிக் காம்பாலோ இரண்டு மூன்று முறை இழுத்தால் உள்ளே நெளி நசுங்கிப் பள்ளம் விழும். பள்ளம் விழுந்த பக்கத்தை நோக்கி மடியுங்கள்.

கூர்மையான ஓரம் வேண்டுமென்றால் மேல்தாளை மட்டும் கத்தியால் கீறலாம். அப்போது எதிர்ப்பக்கமாக மடிக்க வேண்டும், கீறிய வாய் வெளியே திறக்க வேண்டும். இந்த மடிப்பு அழகாக இருக்கும், நெடுநாள் தாங்காது. குழந்தை தினமும் திறந்து மூடும் கதவுக்குக் கீறவே கீறாதீர்கள்.

பசை பிடிக்கவில்லை

ஒட்டிய துண்டைப் பிரித்துப் பாருங்கள். பசை இரண்டு பக்கத்திலும் பளபளப்பாகக் காய்ந்திருந்து, தாளின் நார் ஒன்றுகூட அதில் ஒட்டி வரவில்லை என்றால் மேற்பரப்பு பசையை உள்ளே விடவில்லை. பளபளப்பான அச்சு, பிளாஸ்டிக் டேப், பீட்சா பெட்டியின் எண்ணெய், இந்த மூன்றில் ஒன்றாக இருக்கும். டேப்பை உரித்தெடுங்கள். எண்ணெய் பட்ட பகுதியை வெட்டி எறியுங்கள், அதைக் காப்பாற்ற வழியில்லை. அச்சுப் பக்கம் என்றால் உப்புத்தாளால் லேசாகத் தேய்க்கலாம். அதைவிட நல்ல வழி பெட்டியையே உள்வெளியாகத் திருப்புவது. தாராவியில் பழைய பெட்டிகளைப் பிரித்து, அச்சு உள்ளே போகும்படி திருப்பி மடித்து, மறுபடி பின்னடித்து விற்கும் பட்டறைகள் உண்டு. அதே வேலையை வீட்டிலும் செய்யலாம். ஒட்டியிருக்கும் ஓரத்தை மெல்லப் பிரித்து, மடிப்புகளை எதிர்ப்பக்கமாக மடித்து, அந்த ஓரத்தை மீண்டும் ஒட்டினால் போதும். வெளியே வெறும் பழுப்புத் தாள் வரும். பசையும் பிடிக்கும், வர்ணமும் பிடிக்கும்.

மாறாக, பசை இன்னும் வெள்ளையாக, ஈரமாக இருந்தால் அளவு அதிகம். ஃபெவிகால் போன்ற வெள்ளைப் பசை, தன்னில் உள்ள நீர் தாளுக்குள்ளும் காற்றிலும் போன பிறகுதான் இறுகும். கட்டியாக ஊற்றினால் ஓரம் காய்ந்து நடு காயாமல் கிடக்கும். பழைய விசிட்டிங் கார்டால் மெல்லிசாக இழுத்துத் தடவி, இரண்டு பக்கத்தையும் சேர்த்து, துணி கிளிப் போட்டு விட்டுவிடுங்கள். கிளிப் எட்டாத நடுப்பகுதிக்கு நான்கைந்து கனத்த புத்தகங்கள். மழை நாளில் மறுநாள் வரை தொடக் கூடாது.

மைதாப் பசை இன்றும் நல்ல பசைதான், ஆனால் தாளைத் தாளோடு ஒட்ட மட்டும். ஒரு பங்கு மைதாவை முதலில் பச்சைத்தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, மொத்தம் நான்கைந்து பங்கு தண்ணீர் ஆகும்படி சேர்த்து, சிறுதீயில் கிளறிக்கொண்டே இருந்தால் வெள்ளை நிறம் போய்க் கண்ணாடிபோல் தெளியும். அப்போது இறக்கிவிடலாம். வெளியே வைத்தால் இரண்டாம் நாளே புளித்துவிடும். பூச்சி அண்டாமல் இருக்க, புத்தகம் பைண்டு செய்பவர்கள் இதில் மயில்துத்தம் சேர்ப்பார்கள். அது விஷம். குழந்தை கையில் போகும் எதிலும் அதைச் சேர்க்கக் கூடாது.

வர்ணம் பூசியதும் வளைந்துகொள்கிறது

ஒரு பக்கத் தாள் மட்டும் நீரைக் குடித்து விரிந்து, காயும்போது சுருங்குகிறது. மறுபக்கம் அப்படியே இருக்கிறது. வளைவு வராமல் என்ன செய்யும்? வர்ணத்தில் தண்ணீரைக் குறையுங்கள். மறுபக்கத்திலும் ஈரத் தூரிகையை ஒரு முறை ஓட்டுங்கள். முக்கால்வாசி காய்ந்ததும் இரண்டு செய்தித்தாள்களுக்கு நடுவே வைத்துப் பாரம் ஏற்றுங்கள். ஏற்கனவே வளைந்துவிட்ட துண்டுக்கும் இதுவே சிகிச்சை: உள்வளைவான பக்கத்தை லேசாக ஈரப்படுத்திப் பாரத்துக்கடியில் வையுங்கள்.

சக்கரம் சுற்றவில்லை

வண்டி செய்யும் வீடுகளில் அழுகை அதிகம் கேட்பது இங்கேதான். சக்கரத்தை அட்டையில் நேரே பசை போட்டு ஒட்டிவிட்டு, அது சுற்ற வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது. ஏதாவது ஒன்று சுற்ற, ஏதாவது ஒன்று நிற்க வேண்டும். நடைமுறையில் எளிது இதுதான்: சக்கரமும் அச்சும் ஒன்றாக ஒட்டியிருக்கட்டும், அச்சு ஒரு குழாய்க்குள் சுற்றட்டும், குழாய் மட்டும் வண்டியின் அடியில் ஒட்டியிருக்கட்டும். அச்சுக்குப் பனீர் டிக்கா குத்தும் மூங்கில் குச்சி போதும். கூர்முனையை முதலில் வெட்டிவிடுங்கள். குழாய்க்கு முன்பெல்லாம் பிளாஸ்டிக் ஸ்ட்ரா எடுத்தோம். 2022 ஜூலை 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் ஸ்ட்ராவுக்கு நாடு முழுவதும் தடை. அதுவும் நல்லதுக்குத்தான், ஏனென்றால் எழுதித் தீர்ந்த பேனாவின் வெளிக்கூடு அதைவிட உறுதி.

சுற்றுகிறது, ஆனால் வண்டி குதித்துக் குதித்துப் போகிறது என்றால் துளை நடுவில் இல்லை. கண்ணளவில் நடுவைக் குறிக்காதீர்கள். சக்கரத்தின் அளவுக்கே ஒரு தாள் வட்டம் வெட்டி, பாதியாக மடித்து, மறுபடி பாதியாக மடித்துப் பிரித்தால் இரண்டு மடிப்பும் வெட்டிக்கொள்ளும் புள்ளிதான் நடு. அதைச் சக்கரத்தின்மேல் வைத்துக் குத்துங்கள். துளையைக் கத்தியால் தோண்டாமல் கோணி ஊசியால் குத்தி, குச்சியைத் திருகிக்கொண்டே உள்ளே விட்டால் இறுக்கமாக நிற்கும்.

சக்கரம் தள்ளாடுகிறது என்றால் ஒற்றை அட்டையில் வெட்டியிருப்பீர்கள். அச்சைப் பிடித்துக்கொள்ள அதற்குத் தடிப்பு போதாது. நெளியைக் குறுக்காக வைத்து இரண்டு, மூன்று வட்டங்களை ஒட்டிச் செய்த சக்கரம் ஆடாது, ஓரமும் சப்பையாகாது.

வண்டி நேரே போகாமல் ஒரு பக்கம் இழுத்தால் முன் அச்சும் பின் அச்சும் இணையாக இல்லை. பசை காயும் முன் இரண்டு குழாய்களுக்கும் இடையே உள்ள தூரத்தை இடது ஓரத்திலும் வலது ஓரத்திலும் அளந்து பாருங்கள், இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். டைல்ஸ் தரையில் சக்கரம் சுற்றாமல் வழுக்கிக்கொண்டு போனால் விளிம்பில் ஒரு ரப்பர் பேண்டைப் போட்டு ஒட்டுங்கள்.

சக்கரம் கழன்று கழன்று விழுவதற்கு எனக்குத் தெரிந்த சிறந்த மருந்து சைக்கிள் வால்வு டியூப். சைக்கிள் கடையில் கிடைக்கும் மெல்லிய ரப்பர் குழாய். ஒரு சிறு துண்டை வெட்டி அச்சின் முனையில் மாட்டினால் சக்கரம் வெளியே வராது, வேண்டும்போது கழற்றவும் முடியும். கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்த அர்விந்த் குப்தா, தீக்குச்சிகளை இந்த வால்வு டியூப் துண்டுகளால் கோத்து முக்கோணமும் கோபுரமும் செய்யக் குழந்தைகளுக்குக் கற்றுக்கொடுத்தவர். புணேயில் உள்ள ஐயூகா என்னும் வானியல் ஆய்வு மையத்தின் வளாகத்தில் இருக்கும் குழந்தைகள் அறிவியல் மையத்தில் நெடுங்காலம் வேலை செய்து, குப்பையிலிருந்து பொம்மை செய்வதையே வாழ்நாள் பணியாக்கிக்கொண்டார். 2018-இல் பத்மஸ்ரீ பெற்றார். மகாராஷ்டிரத்தில் குழந்தை வளர்க்கும் நாம் அவருடைய செய்முறைகளைக் கட்டாயம் தேடிப் பார்க்க வேண்டும்.

மழைக்காலத்தில் தொய்கிறது, நாறுகிறது

ஜூலை மாதத்தில் மட்டும் சாந்தாகுரூஸில் சராசரியாக 800 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. மழை நேரடியாகப் படாவிட்டாலும் காற்றில் உள்ள ஈரம் அட்டைக்குள் போகும். தாளின் நார்களை ஒன்றோடொன்று பிடித்து வைத்திருக்கும் பிணைப்பை நீர் தளர்த்துகிறது. நெளியைத் தாளோடு ஒட்டியிருப்பதும் மாவுப்பசைதான், அதுவும் இளகுகிறது. காற்றின் ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தொடும்போது நெளி அட்டையின் தாங்கும் வலிமை ஏறக்குறைய பாதியாகிவிடும். மே மாதத்தில் கல்போல் நின்ற வீடு ஜூலையில் முட்டி போடுவது இதனால்தான்.

ஈரம் புகும் வாசல் மேற்பரப்பைவிட வெட்டுமுகம்தான். திறந்த நெளிகள் வழியே உள்ளே நேராகப் போகிறது. செய்யும்போதே எல்லா வெட்டுமுகங்களையும் மாஸ்கிங் டேப்பாலோ, பசையில் நனைத்த தாள் பட்டையாலோ மூடிவிடுங்கள். குழந்தையின் விரலை அட்டை ஓரம் கீறாமலும் இதுவே பார்த்துக்கொள்ளும். தரையைத் தொடும் அடிவிளிம்பில் மெழுகுவர்த்தியை அழுத்தித் தேய்த்துவிட்டால் வீடு துடைக்கும் ஈரம் ஏறாது. வெள்ளைப் பசையில் பாதி அளவு தண்ணீர் கலந்து உள்ளும் புறமும் மெல்லிசாக ஒரு பூச்சு கொடுப்பதும் பலன் தரும். ஒரு பக்கம் மட்டும் பூசினால் முன்னே சொன்ன வளைவு வந்துவிடும்.

தொய்ந்துபோனதை மின்விசிறிக்கடியில், நான்கு பக்கமும் காற்றுப் படும்படி உயர்த்தி வையுங்கள். அடுப்பருகே வேண்டாம். காயும்வரை அதன்மேல் எதையும் வைக்கக் கூடாது. மழைக்காலம் முழுதும் பொம்மைகளை வெளிச்சுவரை ஒட்டி வைக்காமல் உள்சுவர்ப் பக்கம் வையுங்கள். பழைய கட்டடங்களில் வெளிச்சுவர் ஈரம் கோத்து நிற்கும்.

கறுப்புப் புள்ளியோ பூஞ்சை நாற்றமோ வந்துவிட்டால் பழுதுபார்க்க வேண்டாம். நெளிக்குள் போன பூஞ்சையைத் துடைத்தெடுக்க முடியாது. வீசிங் உள்ள குழந்தை இருக்கும் வீட்டில் அது ஒரு நாள்கூட இருக்கக் கூடாது. குழந்தை அழும்தான். அதே அளவில் புதிதாக ஒன்று செய்துகொடுங்கள்.

பெட்டியிலிருந்து கரப்பான் வருகிறது

கரப்பான் மாவுப்பசையை விரும்பித் தின்னும். நெளியின் இடுக்கு அதற்குச் சொந்த வீடு. மளிகைக் கடையின் பின்னறையில் கிடந்த பெட்டியில் பழுப்பு நிறத்தில், அவரை விதை வடிவில் முட்டைக்கூடு ஒட்டியிருக்கலாம். வாங்கும்போதே மூடிகளின் அடியையும் மூலைகளையும் விரித்துப் பாருங்கள். முட்டை, பழம், மீன் வந்த பெட்டிகளை எடுக்கவே வேண்டாம். மின்சாதனக் கடைப் பெட்டிதான் சுத்தமானது, அட்டையும் நல்ல கனம். எந்தப் பெட்டியையும் முதலில் பிரித்துத் தட்டையாக்கி, கேலரியில் வெயிலில் காயப்போட்ட பிறகே வீட்டுக்குள் கொண்டுவாருங்கள்.

குழந்தை கடிக்கிறது, பிய்த்து வாயில் போடுகிறது

ஒன்றரை வயதுக் குழந்தை கடிக்கத்தான் செய்யும், பொம்மையைத்தான் மாற்ற வேண்டும். மூன்று வயதுக்குட்பட்டவர்களுக்கான பொம்மைகளைச் சோதிக்க 31.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு சிறு உருளையைப் பயன்படுத்துகிறார்கள். அதற்குள் முழுதாக அடங்கும் எந்தத் துண்டும் தொண்டையை அடைக்கக்கூடியது. வீட்டில் டாய்லெட் ரோலின் நடுக்குழாயை வைத்துச் சோதிக்கலாம். அது சற்று அகலம், அதனால் சோதனை இன்னும் கண்டிப்பாக இருக்கும். அதன் வழியே விழும் எதுவும் சிறு குழந்தையின் பொம்மையில் இருக்கக் கூடாது. எல்லோரும் சக்கரமாகப் போடும் தண்ணீர் பாட்டில் மூடியும், மேலே சொன்ன வால்வு டியூப் துண்டும் இதில் தோற்றுவிடும். சிறியவர்களுக்குச் சக்கரம் ஐந்து சென்டிமீட்டருக்குக் குறையாத அட்டை வட்டமாக, அச்சோடு ஒட்டியதாக இருக்கட்டும். பட்டன் பேட்டரி போட்ட விளக்கு எதையும் எந்த வயதுக்கும் வைக்காதீர்கள். விழுங்கினால் உணவுக்குழாயை அரித்துவிடும்.

கத்தியை எடுக்கும் முன்பே இரண்டு வேலை. பெட்டியின் மூட்டில் அடித்திருக்கும் செம்பு நிறப் பின்களை ஸ்க்ரூடிரைவரால் நெம்பி எடுத்து, எண்ணி ஒரு டப்பாவில் போடுங்கள். கூரியர் லேபிளை உரித்தெடுங்கள். நகத்தால் கீறினால் கறுப்பாகும் லேபிள் வெப்ப அச்சுத் தாள். அதன் பூச்சில் பிஸ்பினால் வகை வேதிப்பொருள் இருப்பது வழக்கம், வாயில் போகக் கூடாதது. உங்கள் பெயரும் போன் எண்ணும் அதில்தான் இருக்கின்றன.

இழுவண்டிக்குக் கயிறு ஒரு சாணுக்கு மேல் வேண்டாம். குழந்தை உள்ளே புகும் வீடு என்றால் எதிரெதிரே இரண்டு பெரிய திறப்புகள் வேண்டும்.

நன்றாக வந்தது, வைக்க இடமில்லை

ஒற்றை அறை வீட்டில் இதுதான் உண்மையான கோளாறு. விளையாடி முடித்ததும் பொம்மை வீட்டைக் குப்பைக்கு அனுப்பச் சொல்கிறார்கள். நான் சொல்வது: ஒட்டாதீர்கள், கோத்துச் செய்யுங்கள். இரண்டு அட்டைகளில் ஒன்றுக்கு மேலிருந்து பாதி உயரம், மற்றொன்றுக்குக் கீழிருந்து பாதி உயரம் வெட்டுவாய் போட்டு ஒன்றில் ஒன்றைச் சொருகினால் நான்கு அறை கொண்ட வீடு நிற்கும். பிரித்தால் கட்டிலுக்கடியில் செய்தித்தாள் கட்டளவு இடம் போதும்.

சொருகியது ஆடினால் வெட்டுவாய் அகலம் அதிகம். அது அட்டையின் தடிப்புக்குச் சரியாக, முடிந்தால் மயிரிழை குறைவாக இருக்க வேண்டும். அதே அட்டையின் ஒரு துண்டை நிறுத்திவைத்து இருபுறமும் கோடு போட்டு, கோட்டுக்கு உள்பக்கமாக வெட்டுங்கள். ஏற்கனவே தளர்ந்துபோனதற்கு வெட்டுவாயின் உள்விளிம்பில் மாஸ்கிங் டேப் ஒரு சுற்று. சொருகும்போது மூலை கிழிகிறது என்றால் வெட்டுவாய் ஓரத்துக்கு மிக அருகில் இருக்கிறது, மூன்று சென்டிமீட்டராவது தள்ளிப் போடுங்கள். ஒவ்வொரு துண்டிலும் எண் எழுதிவைத்தால் நான்கு வயதுக் குழந்தையே கோத்துக்கொள்ளும். நெளி எந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்பதற்கு ஓர் அம்புக்குறியும் போட்டுக் கொடுங்கள்.